கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடலாமா? எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்முன் இதைப் படிச்சிட்டுப் போங்க!

உங்க தாத்தா பெயர் தெரியும். தாத்தாவோட அப்பா பெயர்? இங்கேயே பலருக்குக் கொஞ்சம் தடுமாறும். அதற்கும் முந்தைய தலைமுறை என்றால், 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்போம். பாட்டியின் அம்மா பெயர் என்றால் வீட்டில் கேட்டாலும் பதில் கிடைப்பது சந்தேகம்தான்.

குலதெய்வம் கோயிலில் வரி கட்டும்போது, பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது, 'நாம எந்த ஊர்ல இருந்து இங்க வந்தோம்?' என்று ஒரு குழந்தை கேட்கும்போது இந்தக் கேள்வி திடீரென்று முன்னால் வந்து நிற்கும். கூகுளில் தட்டினால் பதில் வராது. ஆனால், பதில் இருக்க வாய்ப்புள்ள ஓர் இடம் சென்னையில் இருக்கிறது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில் இருக்கும் சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அந்தக் காலத்தில் 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்'. 1909-லிருந்து இங்கேதான் இயங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து எழுதிய 1670-களின் குறிப்புகளில் ஆரம்பித்து, அரசாணைகள், நிலப் பதிவேடுகள், டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற காகிதங்கள் வரை வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு மட்டுமான இடம் என்று நினைக்க வேண்டாம். நிலத் தகராறுக்காகப் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு வருபவர்கள் இங்கே ஏராளம். உங்கள் குடும்பத்தைத் தேடியும் போகலாம். ஆனால், எப்படித் தேடுவது என்று தெரிந்துகொண்டு போனால்தான் கையில் ஏதாவது கிடைக்கும்.

முதல் பாடம்: பெயரைத் தேடாதீங்க!

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆவணக் காப்பகம் உங்கள் குடும்பத்துக்காக உருவாக்கப்பட்டதல்ல. வரி வசூலிக்கவும், ஆட்சி நடத்தவும் அரசாங்கம் எழுதிவைத்த காகிதங்கள் அவை. அதனால், அவை அடுக்கப்பட்டிருப்பது துறை வாரியாக, மாவட்ட வாரியாக, ஆண்டு வாரியாக. ஆட்களின் பெயர் வரிசையில் அல்ல.

எஸ்.ஐ.ஆர். சமயத்தில் 2002, 2005 வாக்காளர் பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேடியது நினைவிருக்கிறதா? எந்தத் தொகுதி, எந்தப் பாகம் என்று தெரிந்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு ஒரே பெயரில் பல பேர் வந்து நின்றார்கள். இங்கேயும் அதே கதைதான். 'முத்துசாமி' என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. 'இந்த மாவட்டம், இந்தத் தாலுகா, இந்தக் கிராமம், சுமார் இந்த வருஷம்' என்று கேட்டால் தேடலாம்.

ஆக, ஊரும் வருஷமும்தான் சாவி. அந்தச் சாவி எழும்பூரில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது.

வீட்டில் ஆரம்பியுங்க

வீட்டிலேயே வயதில் மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். 'நீங்க பொறந்த வருஷம் எது?' என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வேறு மாதிரி கேளுங்கள். 'தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?' என்றால் சட்டென்று பதில் வரும். அது 1964 டிசம்பர். 'இந்திரா காந்தியைச் சுட்டப்ப அத்தை எந்த கிளாஸ்?' என்றால் 1984. அவர்களின் பெற்றோர் சொன்ன கதையில் 'எம்டன் குண்டு போட்ட வருஷம்' வந்தால் 1914. 'தாது வருஷப் பஞ்சம்' வந்தால் 1876 முதல் 1878 வரை. நம்ம ஊர்க்காரர்கள் தேதியை நினைவில் வைப்பதில்லை, சம்பவத்தை வைத்திருக்கிறார்கள்.

பாட்டிகளிடம் தனியாகக் கேளுங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் பாட்டி பேசுவது குறைவு. பிறந்த ஊர், அம்மா பெயர், அம்மா எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர் ஆகிய மூன்றையும் விடாமல் கேளுங்கள். இதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, பீரோவின் அடித்தட்டு. பழைய கிரயப் பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், ஜாதகக் குறிப்பு என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இதில் கிரயப் பத்திரம்தான் புதையல். 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் பத்திரம் ஆரம்பிக்கும். ஒரே வரியில் இரண்டு தலைமுறையும் ஓர் ஊரும் கிடைத்துவிடும். 'மேற்படி சொத்து எனக்குப் பிதுரார்ஜிதமாகக் கிடைத்தது' என்று எழுதியிருந்தால், தேட வேண்டிய நிலம் அதே ஊரில் முந்தைய தலைமுறையிடமும் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சாட்சிக் கையெழுத்துகளையும் படியுங்கள். சாட்சி போட்டவர் பெரும்பாலும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார்.

போனிலேயே செய்யக்கூடியவை

வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு பார்க்கலாம். உங்களுக்குத் தேவை புல எண், அதாவது சர்வே நம்பர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், அந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலி தெரியும். ஆன்லைனில் வராத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். இன்று உங்கள் பட்டாவில் இருக்கும் சர்வே நம்பர் 100 வருஷத்துக்கு முன் வேறாக இருந்திருக்கலாம். நிலத்தை மறுபடி அளந்தபோதெல்லாம் எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு. தாலுகா அலுவலகத்தில் 'கோரிலேஷன்' என்று கேட்டால் புரியும். 1979-ல் தொடங்கி 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனும் பட்டா மேம்பாட்டுத் திட்டத்தில் பல பட்டாக்களின் பெயர்கள் மாறின. எனவே அதற்கு முன், அதற்குப் பின் என இரண்டு பட்டியலையும் பார்ப்பது நல்லது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் தேடலாம். இவற்றில் ஒரு மாலை நேரம் செலவழித்துவிட்டு எழும்பூர் கிளம்புங்கள்.

உங்க ஊர் அன்று எந்த மாவட்டம்?

நிறைய பேர் தட்டுத்தடுமாறும் இடம் இதுதான். உதாரணத்துக்கு, உங்கள் பூர்வீகம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். இன்று அது விருதுநகர் மாவட்டம். ஆனால், 1900-ஆம் ஆண்டு ஆவணத்தை விருதுநகர் என்று தேடினால் கிடைக்காது. 1910 வரை சாத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் ஆனது. அதன் பிறகுதான் விருதுநகர் என்ற பெயர். ஒரே கிராமம், நான்கு பெயர்கள்.

இதோடு ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்ளும். திருநெல்வேலி 'டின்னவேலி', திருச்சி 'ட்ரிச்சினாபொலி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்'. கிராமப் பெயர்கள் இதைவிட மோசமாக உருமாறியிருக்கும். 'ழ' வரும் இடத்தில் எல், இசட், ஆர் என எந்த எழுத்தும் வரலாம். உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதிக்கொண்டு போங்கள்.

சில ஊர்க்காரர்கள் எழும்பூருக்குப் போயே பிரயோஜனம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தைத்தான் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அங்கே 'தர்பார்' ஆவணங்கள் என்று விசாரிக்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் பழைய தொகுதிகளைப் பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் இணையத்திலேயே ஏற்றியிருக்கிறது. தரங்கம்பாடிக்காரர் என்றால் டென்மார்க்கின் கோபன்ஹேகன் வரை தடம் நீளும்.

காப்பகத்துக்குள் என்ன நடக்கும்?

நூலகம் மாதிரி நாமே அலமாரியில் இருந்து எடுத்துப் படிக்க முடியாது. முதலில் அனுமதி விண்ணப்பம். ஆய்வு மாணவர் என்றால் கல்வி நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். தனிநபராகப் போகிறீர்கள் என்றால் என்னென்ன கொண்டுவர வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதைக் கிளம்பும்முன் போனில் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டையும் அதன் நகல்களும் கையில் இருக்கட்டும். 'குடும்ப வரலாறு' என்று மொட்டையாக எழுதாமல், 'இன்ன தாலுகா, இன்ன கிராமத்தின் இனாம் பதிவேடு' என்று எழுதினால் வேலை வேகமாக நடக்கும்.

அனுமதி கிடைத்ததும், ஆண்டுவாரி அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி வேண்டிய ஆவணத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர்கள் எடுத்து வருவார்கள். காத்திருக்க வேண்டும். சில சமயம் ஆவணம் மிகவும் நொறுங்கிப்போயிருந்தால் கைக்கே வராது. ஒரே நாளில் முடித்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்குவது நல்லது.

பேனாவைப் பையிலேயே வைத்துவிட்டு பென்சில் எடுத்துச் செல்லுங்கள். அனுமதி இல்லாமல் போனில் படம் எடுக்காதீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால், அன்றைக்கு ஒருநாள் மறந்துவிடுங்கள். அந்தத் தாள் உங்கள் கொள்ளுத்தாத்தாவைவிட வயதானது.

எதைக் கேட்பது?

இனாம் பதிவேடு: முதலில் கேட்க வேண்டியது இது. வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலங்களை விசாரிக்க 1858-ல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். 1860-களில் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடுகள் இவை. நிலத்தை முதலில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன உறவு என்றெல்லாம் கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். கோயில், மடம், அந்தணர் மானியம் மட்டும்தான் இதில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு வேலை செய்த தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், தலையாரி ஆகியோருக்கான ஊழிய மானியங்களும் இருக்கின்றன.

செட்டில்மென்ட் பதிவேடு: அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி கிராமங்களில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நன்செயா புன்செயா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்தால் கதை வேறு. அங்கே வரி வசூல் ஜமீன்தார் கையில் இருந்தது. 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசு விரிவான பதிவேடு எழுதியது. 'எங்க தாத்தா பெயர் 1900-ல இல்லையே' என்று பதறும்முன், ஊர் ஜமீனா அரசு கிராமமா என்று பாருங்கள்.

ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள்: 1786-ல் தொடங்கிய வருவாய் வாரியத்தின் கடிதப் போக்குவரத்து. பஞ்சம், ஏரி உடைப்பு, வரி தள்ளுபடி கேட்டு ஊர்க்காரர்கள் கொடுத்த மனு என ஊரின் கதைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மாவட்ட மேனுவல், கெஜட்டியர்: இவை அச்சுப் புத்தகங்கள். நெல்சன் எழுதிய மதுரை பற்றிய தொகுதி 1868-ல் வந்தது. தஞ்சாவூர், மதுரை கெஜட்டியர்கள் 1906-லும் திருநெல்வேலி கெஜட்டியர் 1917-லும் வந்தன. இவற்றில் உங்கள் தாத்தா பெயர் இருக்காது. ஆனால் ஆறு, சந்தை, கொள்ளைநோய், பஞ்சம் எல்லாம் இருக்கும். குடும்பம் ஏன் ஊரை விட்டுக் கிளம்பியது என்ற கேள்விக்கு விடை இங்கே ஒளிந்திருக்கலாம்.

பர்னார்டு கணக்கு: செங்கல்பட்டுப் பகுதிக்காரர்களுக்கு ஒரு போனஸ். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அந்தப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து, வீடுகள், நிலங்கள், ஏரி குளங்கள், தொழில்கள் என்று கணக்கெடுத்தார். அதன் ஓலைச்சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

'சென்சஸ்ல கிடைக்காதா?' என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 100 ஆண்டுகள் கழித்து வீடுவாரியான கணக்கெடுப்புத் தாள்களையே பொதுமக்கள் பார்க்கலாம். நம் நாட்டில் தனிநபர் விவரம் ரகசியம். வெளிவருவது எண்ணிக்கை மட்டும்தான்.

பதிவேட்டைப் படிக்க ஒரு சின்ன டிக்‌ஷ்னரி

பழைய வருவாய்க் கணக்கில் ஆண்டு 'பசலி'யில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1270 என்றால் 1860 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. நிலம் ஏக்கரில் இல்லாமல் காணியில் இருந்தால், சென்னைப் பக்கத்துக் காணி ஒன்று 24 மனை, அதாவது சுமார் 1.32 ஏக்கர். ஆனால், காணி ஊருக்கு ஊர் மாறும், உஷார். பணத்தில் 16 அணா ஒரு ரூபாய். 12 பை ஓர் அணா. அந்தப் பை இன்றைய பைசா அல்ல.

தமிழ் எண்களையும் கற்றுக்கொள்ளுங்கள். ௧, ௨, ௩ என்று தொடங்கும் வரிசையைப் பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று என்ற பின்னங்களும் வரும். ஆம், காணி அளவாகவும் வரும், பின்னமாகவும் வரும். புள்ளி வைக்காத பழைய கையெழுத்து முதல் நாள் மிரட்டும். மூன்றாவது நாள் பழகிவிடும்.

பெயரே இல்லாதவர்களை எங்கே தேடுவது?

இதுவரை சொன்ன பதிவேடுகளில் பெரும்பாலானவை நிலம் இருந்தவர்களின் கதை. நிலம் இல்லாத கூலிக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால், நாள் முழுக்கப் புரட்டியும் ஒரு பெயர்கூடக் கிடைக்காமல் வெளியே வரக்கூடும். 'நமக்கெல்லாம் வரலாறே இல்லை போல' என்று தோன்றும். அது உண்மையல்ல. யாரிடம் வரி வாங்க வேண்டுமோ அவர்கள் பெயரைத்தான் அரசு எழுதியது. மற்றவர்கள் பெயரை எழுத அதற்குத் தேவை இருக்கவில்லை. எப்போது தேவை வந்ததோ, அங்கே தேடுங்கள்.

கப்பல் பட்டியல்: ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி போனவர்களுக்கு அரசு எழுதிய சீட்டில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை இருக்கும். நேட்டாலுக்கான முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860-ல் மெட்ராஸிலிருந்துதான் கிளம்பியது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் அங்கே போனார்கள். பெரும்பகுதியினர் மெட்ராஸ் வழியாகப் போனவர்கள். அவர்களின் கப்பல் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மொரீஷியஸுக்கு, அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் ஆவணங்களோடு புகைப்படங்களும் உண்டு. 'தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பலேறிப் போனாராம், திரும்பவே இல்ல' என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வழியைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஊரில் இருந்த அண்ணனுக்கு இல்லாத ஆவணம், கப்பலேறிய தம்பிக்கு இருக்கும்.

இலங்கைத் தோட்டங்கள்: இலங்கைக்குக் கங்காணி மூலம் போனவர்களுக்கு அப்படி விரிவான சீட்டு கிடையாது. ஆனால், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பங்களில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். நீலகிரியிலும் மற்ற ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் அவை இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. லேமினேட் செய்யாதீர்கள், முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பஞ்சமி நிலம்: 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர், பட்டியல் சமூக மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையின்படி அவர்களுக்கு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' என்று இருந்தால் இந்த வகை நிலம். இங்கே குடும்ப வரலாறு என்பது வெறும் ஆர்வம் அல்ல. கைமாறிப்போன நிலத்தைத் திரும்பக் கேட்பவர்கள் முதலில் தேடுவது இந்தப் பழைய பதிவேட்டைத்தான். 1994-ல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒரு பத்தியில் இருக்கும் இரண்டு எழுத்துக்கு அவ்வளவு எடை இருக்கிறது.

சர்ச், பள்ளி: கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள் பங்கு ஆலயத்திலோ மறைமாவட்டத்திலோ இருக்கும். எந்த மதமானாலும், குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவரின் சேர்க்கைப் பதிவேட்டை அந்தப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். பிறந்த தேதி வாத்தியார் போட்டதாக இருக்கலாம். அப்பா பெயரும் ஊரும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெண்கள் எங்கே?

ஆவணத்தில் பெண்கள் மிகக் குறைவு. வந்தாலும் 'இன்னார் பெண்சாதி', 'இன்னார் விதவை' என்றுதான் வருவார்கள். அதனால்தான் பாட்டிகளிடம் தனியாகக் கேட்கச் சொன்னேன். அவர்கள் சொல்லும் பெயரை உறுதிசெய்ய நான்கு இடங்கள் உண்டு. ஒன்று, தான செட்டில்மென்ட் பத்திரங்கள். மகளுக்கோ சகோதரிக்கோ எழுதியவை. இரண்டு, கணவர் இறந்த பின் மைனர் பிள்ளைகளுக்காக அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பத்திரங்கள். மூன்று, இனாம் பதிவேட்டில் கோயில் பணிக்காகத் தேவதாசிகள் பெயரில் இருந்த மானியங்கள். நான்கு, மேலே சொன்ன கப்பல் பட்டியல். அதில் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, சொந்தப் பெயர்.

கிடைத்தபின் என்ன செய்வது?

எந்தத் தகவலை எழுதினாலும் பக்கத்திலேயே எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். பதிவேட்டின் பெயர், துறை, எண், தேதி, பக்கம் எல்லாம் வேண்டும். பாட்டி சொன்னது என்றால், சொன்ன தேதியையும் போடுங்கள். இது இல்லையென்றால் அடுத்த வருஷம் உங்களுக்கே சந்தேகம் வரும்.

ஒரே பெயர், ஒரே ஊர் என்பதால் அவர் உங்கள் தாத்தா ஆகிவிட மாட்டார். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று முத்துசாமிகள் இருந்திருப்பார்கள். அப்பா பெயர், சர்வே நம்பர், வயது மூன்றில் இரண்டாவது பொருந்தினால் மட்டும் மரத்தில் சேருங்கள்.

பழைய ஆவணங்களில் சாதிப் பெயர்கள் அப்பட்டமாக இருக்கும். இன்று யாரும் சொல்லக்கூடாத வார்த்தைகளும் இருக்கும். கடன், வழக்கு, சிறை, இரண்டாவது கல்யாணம் எல்லாமும் வெளியே வரலாம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவைத் தட்டிவிடும்முன், அதில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள். முதலில் அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பத்திரங்களையும் அடையாள எண்களையும் பொதுவெளியில் போடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எழும்பூரில் இருக்கும் பதிவேடுகள் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவு அப்படி அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை தான் பார்த்ததையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். இன்று வரலாற்று ஆய்வாளர்கள் அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நீங்கள் அவ்வளவு எழுத வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்கு ஒரு போன் போடுங்க. அவங்க அம்மா பெயர், பிறந்த ஊர், ஊரை விட்டுக் கிளம்பிய காரணம் ஆகிய மூன்றையும் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்க. எழும்பூருக்கு டிக்கெட் அப்புறம் போட்டுக்கலாம்.